எனக்கு மட்டும் கேட்ட பிசகு

மார்சலினின் இடது கால் தவறியதை அன்று அந்த மண்டபத்தில் கேட்டவன் நான் ஒருவன்தான்.

யுத்த காலம். பொழுதுபட்டால் ஊரடங்கு. அதனால் திருகோணமலையில் கலியாண ஆட்டமெல்லாம் பகல் சாப்பாடு முடிந்த கையோடு தொடங்கி நாலு மணிக்குள் முடிந்துவிடும். அன்றும் அப்படித்தான். வெயில் யன்னலால் உள்ளே விழுந்திருந்தது. பொம்பிளையும் மாப்பிள்ளையும் வியர்த்து வழிய ஆடிக்கொண்டிருந்தார்கள். மார்சலின் ட்ரம்ஸ். நான் அவருடைய இடது பக்கத்தில் பொங்கோ (விரல்களால் தட்டும் இரட்டைச் சிறு மேளம்).

ட்ரம் செட்டில் இடது காலுக்கென்று ஒரு மிதி உண்டு. மிதித்தால் இரண்டு தாளத்தட்டுகள் ஒன்றையொன்று கவ்வி ‘சிக்’ என்று சத்தமிடும். ஆடுகிறவர்களின் காதுக்கு அது தனியாகக் கேட்பதில்லை. அவர்களுடைய இடுப்புக்குக் கேட்கும்.

அந்தச் ‘சிக்’ நாலு சுற்றுக்கு வரவில்லை. எட்டு விநாடி இருக்கலாம். மற்றக் கையும் காலும் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு கால் தானாகத் திரும்பி வந்தது.

ஒருவர் தவறினால் பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தை நிரப்பவேண்டும். அது எங்கள் வழக்கம். நான் நிரப்பவில்லை. பொங்கோவிலிருந்து கைகளை எடுத்துவிட்டேன். அந்த ஓட்டை எல்லோருக்கும் கேட்கட்டும் என்று எடுத்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இருபது வருஷம் காத்திருந்த சந்தோஷம்.

வீடு திரும்பும்போது வான் வண்டிக்குள் அவர் தன் இடது தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“மாஸ்டர், கால் கொஞ்சம் விறைச்ச மாதிரிக் கிடந்தது. அடி சரியா வந்ததே?”

“ஓம். ஒரு குறையும் இல்லை.”

அந்தப் பொய்யைப் பற்றித்தான் எழுதுகிறேன். பக்கவாதம் வந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிக்கிறவர்களுக்கு இது ஏதாவது ஒரு வகையில் பயன்படலாம்.

மார்சலின் யார் என்று முதலில் சொல்லவேண்டும். முன்னொரு காலத்தில் இங்கே கோட்டைக்குச் சிப்பாய்களாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழியில் வந்தவர். ஊரில் காப்பிரி என்பார்கள். அவர் தன்னை அப்படிச் சொல்லும்போது சிரிப்பார். மற்றவர்கள் சொன்னால் சிரிக்கமாட்டார். துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை.

வெள்ளைக்காரக் கடற்படை தளத்தை விட்டுப் போனபோது, தோல் கிழிந்த பெரிய ட்ரம் ஒன்றும் வளைந்த தாளத்தட்டுகளும் குப்பையில் கிடந்தன. அவற்றை அவர் தோளில் சுமந்து வந்தார். பழைய தையல் மெஷினின் மிதியை வெட்டிப் பொருத்தினார். இரண்டு கையாலும் இரண்டு காலாலும் ஒரு மனிதன் ஒரே நேரத்தில் நாலு விதமாக அடிப்பதை எங்கள் நகரம் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது.

அவருடைய ஆட்கள் நத்தார்ப் பண்டிகைக்குக் கூடினால் போத்தலைக் கரண்டியால் தட்டி, சிரட்டைகளை மோதிப் பாடுவார்கள். அந்தத் தாளத்தை அவர் கலியாணங்களில் ஆடும் பைலாப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இசைத்தட்டு வந்தது. வானொலியில் பெயர் சொன்னார்கள். சில வருஷத்தில் கொழும்பு ட்ரம்ஸ்காரர்களும் எங்கள் ஊர்ப் பெயரால் ‘திருமலை அடி’ என்று அதைப் பழகத் தொடங்கினார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவன். மேலைத்தேய இசையில் சோதனை எடுத்துப் பாஸ் பண்ணியவன். திருமலை அடியை இசைக்குறிப்பாக எழுதிக் கொழும்புக்கு அனுப்பியதும் நான்தான். எனக்கு எழுத வந்தது. அடிக்க வரவில்லை.

“அது அவங்கட இரத்தத்தில இருக்கு” என்று ஊரில் சொல்வார்கள். அதிகம் சொன்னவன் நான். கேட்கப் புகழ்ச்சி மாதிரி இருக்கும். உண்மையில் எனக்கு அது ஒரு மருந்து. இரத்தத்தில் இருப்பதென்றால் அவர் உழைத்துத் தேடியது ஒன்றும் இல்லை. எனக்கு வராததும் என் குற்றம் இல்லை.

கால் தவறிய அந்தக் கலியாணம் நடந்து மூன்று கிழமை. ஒரு காலை நேரம் மார்சலின் கிணற்றடியில் முகம் வழித்துவிட்டு வந்து, “முடிஞ்சுது, தேத்தண்ணி தா” என்று மனைவி ரெஜினாவிடம் கேட்டிருக்கிறார். முகத்தின் வலது பாதி வழித்திருந்தது. இடது பாதி முழுக்கச் சவர்க்கார நுரை. பகிடி விடுகிறார் என்று ரெஜினா சிரித்திருக்கிறாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் சரிந்து விழுந்தார்.

அடுத்த தெருவில் இருந்த எனக்கு ஆள் வந்தது. ஓட்டோவில் ஏற்றினோம். வழியில் இரண்டு சோதனைச் சாவடி. இரண்டாவதில் எல்லோரையும் இறங்கச் சொன்ன சிப்பாய், அந்தப் பாதி நுரை முகத்தைக் கண்டதும் கையைக் காட்டிப் போகவிட்டான்.

வைத்தியசாலை நடையில் டொக்டர் எங்கள் இருவருக்கும் விளங்கப்படுத்தினார். மூளையின் வலது பக்கத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. அதனால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிறகு கேட்டார்:

“இதுக்கு முதல் கை கால் விறைப்பு, வாய் கோணுறது, பேச்சுக் குழறுறது, இப்பிடி ஏதாவது கொஞ்ச நேரம் வந்து போனதோ?”

“என்னட்ட ஒண்டும் சொல்லேல்லை டொக்டர்,” என்றாள் ரெஜினா.

டொக்டர் என்னைப் பார்த்தார். “நீங்கள்? கூடத் திரியிற ஆள்தானே?”

“நான் ஒண்டும் கவனிக்கேல்லை.”

“வந்து போயிருந்தா அதுதான் எச்சரிக்கை. உடன கூட்டி வந்தா குளிசை மருந்து குடுத்துப் பாக்கலாம். கட்டாயம் மறிச்சிருக்கலாம் எண்டு சொல்ல ஏலாது. ஆனா ஒரு சந்தர்ப்பம் இருந்திருக்கும்.”

இதற்குத் தற்காலிக மூளைக் குருதித்தடை என்று பெயர் (மூளையின் ஒரு பகுதிக்குச் சிறிது நேரம் இரத்தம் போகாமல் நின்று, பின் தானாகவே சரியாகிவிடுவது). சரியாகிவிட்டதே என்று விட்டுவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. அன்று அந்த நடையில் நின்றுதான் இதைத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகும் வாய் திறக்கவில்லை.

கலியாணங்களில் அவருடைய ட்ரம்ஸ் கதிரையில் இப்போது நான் இருந்தேன். முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கமாட்டேன். நான் வாசித்த இரண்டாவது கலியாணத்தில் மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் போத்தலும் கையுமாக என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், பிழை இல்லை. ஆனா நீங்கள் கணக்குச் செய்யிறீங்கள். எங்களுக்கு ஆடவெல்லோ வேணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த மார்சலினுக்குப் பேச்சு நன்றாக இருந்தது. ஆனால் அவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. டொக்டர் இதை இடப்பக்கப் புறக்கணிப்பு என்றார் (கண்ணும் காதும் நன்றாக இருந்தும், மூளை ஒரு பக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது). கோப்பையில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கறி போதாது என்பார். ரெஜினா கோப்பையைத் திருப்பி வைப்பாள். மீதியையும் சாப்பிடுவார். இப்படியான ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் கோபிக்காதேயுங்கள். அவர் நடிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்குப் பின் இடது கை முதலில் அசைவுக்கு வந்தது, ஊன்றி நிற்கவும் தொடங்கினார். கிளினிக்கில் பழக்கியதற்கு மேலாக ஒவ்வொரு காலையும் முற்றத்தில் கதிரையைப் போட்டு, இடது காலுக்கடியில் ஒரு தகர மூடியை வைத்து மிதிப்பார். வெயில் ஏறும்வரை அது ஒன்றுதான் வேலை. நான் போனபோதெல்லாம் அவருக்கும் ரெஜினாவுக்கும் இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்.

“அடிச்சனான்.”

“அடிக்கேல்லை.”

“அடிச்சனான் எண்டுறன், எனக்குக் கேட்டது.”

“நீங்கள் நினைச்சனீங்கள். கால் அசையேல்லை.”

அவருடைய மனம் அடித்துவிடும். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டும்விடும். கால் அப்படியே கிடக்கும். ஒரு தடவை, பத்துத் தடவை, நூறு தடவை. ஒரு நாள், தொடர்ந்து எட்டு அடி தகரம் சரியாகச் சத்தமிட்டது. அவர் சட்டை நனைந்திருந்தது.

அப்போதுதான் நான் நம்பியிருந்த இரத்தக் கதை பொய் என்று எனக்கு உறைத்தது. இரத்தம்தான் அவரைக் கைவிட்டது. திரும்ப வந்துகொண்டிருந்தது, முன்பும் இதேபோல யாரும் பார்க்காத காலைகளில் அவர் தேடிய ஒன்று. கப்பலில் பெயின்ற் அடித்த கையோடு இதையெல்லாம் எத்தனை வருஷம் செய்திருப்பார்? நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கேயே சொன்னேன். வேறு வழி தெரியவில்லை.

“அண்டைக்குக் கலியாணத்தில உம்மட இடது கால் நிண்டது. எனக்குக் கேட்டது.”

கால் மிதிப்பதை நிறுத்தினார். “எந்தப் பாட்டில?”

சொன்னேன்.

“எவ்வளவு நேரம்?”

“நாலு சுற்று.”

“அந்த நேரம் நீர் நிரப்பினீரோ?”

“இல்லை. கையை எடுத்தனான்.”

“ஏன்?”

“எல்லாருக்கும் கேக்கட்டும் எண்டு.”

“கேட்டதோ?”

“ஒருத்தருக்கும் கேக்கேல்லை.”

“வானுக்க நான் கேக்க, குறையில்லை எண்டனீர்.”

“ஓம்.”

“டொக்டர் கேக்கவும்?” இது ரெஜினா. நான் தலையாட்டினேன். அவள் கிட்ட வந்து, என் கையில் பாதி குடித்தபடி இருந்த தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

“எழும்பிப் போம்,” என்றார் மார்சலின்.

நாலு மாதம் அந்தத் தெருவால் நான் போகவில்லை. ட்ரம்ஸையும் விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் ஆள் அனுப்பினார். போனேன். இருக்கச் சொல்லவில்லை.

“மாதா கோயிலில ஒரு கலியாணம். நான் வாசிக்கப் போறன். இந்த ஊரில உம்மட காது மாதிரி வேற காது இல்லை, அதுக்குத்தான் கூப்பிட்டனான். மன்னிச்சுப் போட்டன் எண்டு நினைக்காதேயும்.”

“என்ன செய்யவேணும்?”

“இடது பக்கத்தில நில்லும். பொங்கோ வேண்டாம். கால் நிண்டா உடன சொல்லும். எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லும். அதுதானே உமக்கு விருப்பம்?”

அன்று வெறுங்கையோடு நின்றேன். முதல் பாட்டிலேயே கால் நின்றது. “கால்!” என்றேன். கால் விழித்துக்கொண்டு வந்தது. இரண்டாம் பாட்டில் மூன்று தடவை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மூன்றாம் பாட்டில் சனங்கள் இது வாத்தியத்தோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். நான் “கால்!” என்றதும் அவர்களும் “கால்!” என்று கத்தி, காலைத் தூக்கி ஆடத் தொடங்கினார்கள். மார்சலின் சிரித்துச் சிரித்து இன்னும் கடுமையாக அடித்தார். நான் பிழை பிடித்துச் சொன்னதுகூட அவருடைய ஆட்டமாகிவிட்டது. அன்றைய கைதட்டலும் அவருக்குத்தான். எனக்கு அப்போதும் எரிந்தது.

அதன்பின் அவர் இருந்த ஏழு வருஷமும் இது என் வேலையாக இருந்தது. சில நாள் வேண்டுமென்றே காலை நிறுத்திவிட்டு, சொல்கிறேனா என்று கடைக்கண்ணால் பார்ப்பார். சொல்வேன். “ம், நித்திரை இல்லை,” என்பார். ரெஜினா தேத்தண்ணி தந்தாள், இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அவர் என்னை மன்னித்தாரோ தெரியாது. நான் கேட்கவில்லை. இருதயம் நின்று இறந்துபோனார். அன்று நான் பக்கத்தில் இல்லை.

இன்றும் அவருடைய இசைத்தட்டை வானொலியில் போட்டால் எனக்குப் பொறாமை வருகிறது. கிழவனாகியும் அது போகவில்லை. முன்பு பார்ப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் எனக்கு ஒரு இடைவெளி இருந்தது. பொறாமை அதற்குள் வசதியாகக் குந்தியிருந்தது. இப்போது அந்த இடைவெளி இல்லை. யாருடைய நடையாவது ஒரு பக்கம் இழுத்தால் என் வாய் தானாகத் திறக்கிறது.

போன மாதம் பிறஷர் கிளினிக்கில் பக்கத்து மர வாங்கில் ஒரு பெண் இருந்தாள். தண்ணீர் குடித்தபோது இடது கடைவாயால் வழிந்தது. எழும்பிப் போய்ச் சொன்னேன்.

“பிள்ளை, உம்மட வாய் ஒரு பக்கம் கோணுது. வரிசை பாராமல் உடன டொக்டரிட்டக் காட்டும்.”

அவள் பயந்துபோய்க் கன்னத்தைப் பிடித்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

“காலமை பல்லுப் புடுங்கினனான் ஐயா. இன்னும் விறைப்பு விடேல்லை.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒருவர் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து என் இடத்தில் இருந்தேன். என் நம்பர் வரும்வரை அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விறைப்பு விட்டு, உதடு கொஞ்சம் கொஞ்சமாக நேராக வந்த பிறகுதான் நான் சரியாக மூச்சு விட்டேன்.