ஜாக்கிக்கு ராசியில்லையா?

பிரபாவுக்குக் கோபம் வர ஒரு சொல் போதும். ராசி. அந்தச் சொல் இல்லாமல் எங்கள் பக்கம் கபடி கிடையாது. அதனால் ஆடுகளத்துப் பக்கம் வந்தாலே அவள் முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். ஆனால் ஒரு ஆட்டத்தையும் விடமாட்டாள்.

எங்கள் பெண்கள் அணி ஆடும்போது மைக் பிடித்து வர்ணனை சொல்கிறவன் நான். என் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ராசி வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் பாதி வர்ணனையை விழுங்கியிருக்கிறேன்.

பள்ளியில் அவளே நல்ல ஆட்டக்காரி. முழங்கால் போனதோடு ஆட்டமும் போயிற்று. சேலத்தில் புள்ளியியல் படித்துவிட்டு இப்போது நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணை அலுவலகத்தில் இருக்கிறாள். எந்தக் கொட்டகையில் முட்டை குறைகிறது, எதில் கோழி சாகிறது, ஏன் என்று பார்க்கிற வேலை. கணவன் குழந்தைவேலும் கபடிப் பைத்தியம்தான். அணியின் எல்லா ஆட்டங்களையும் செல்போனில் பிடித்து யூடியூபில் ஏற்றுகிறவன் அவன். ஜாடிக்கேத்த மூடி.

அணியை நடத்துபவர் மருதாசலம் அண்ணன். பல வருடம் லாரி ஓட்டிவிட்டு, பிறகு லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்தவர். புது லாரி கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். அண்ணன் அதைக் கபடிக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆட்டத்துக்கு முன்னால் கோட்டருகே பழத்தை வைத்து, ஒவ்வொரு பெண்ணும் மிதித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தங்கமான மனிதர். ராசி விஷயத்தில் மட்டும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவர் புதிதாகப் பிடித்த முயல் தேவிப்ரியா. ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், மாற்று ஆட்டக்காரி. அவள் இறங்கினால் அணி தோற்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. பொய்யென்றும் சொல்ல முடியாது, அவள் இறங்கிய ஆட்டங்களில் பெரும்பாலும் தோற்றுத்தான் இருந்தோம். கொண்டப்பநாயக்கன்பட்டியிலும் அப்படியே ஆனதும், அடுத்த பனமரத்துப்பட்டிப் போட்டிக்கு அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாவட்ட அணிக்கு ஆள் பார்ப்பது அந்தப் போட்டியில்தான். அதைவிடக் கொடுமை, அந்தப் பெண்ணே அதை நம்பிவிட்டாள்.

"நான் இனி ஆட வரலீங்க்கா. என்னால மத்தவங்க எதுக்குத் தோக்கணும்?" என்று பிரபாவிடம் வந்து சொன்னாள்.

பிரபாவுக்கு இந்தக் கதையை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருந்து கொடுத்த கொட்டகைகளில்தான் கோழி அதிகம் சாகிறது என்று பண்ணையில் அந்த மருந்தையே நிறுத்தப் பார்த்தார்கள். விசாரித்தால், ஏற்கெனவே சீக்குப் பிடித்த கொட்டகைக்கு மட்டும்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தேவிப்ரியா இறங்கினால் என்ன ஆகிறது என்று அவள் கேட்கவில்லை. எப்போது இறக்குகிறார்கள் என்று கேட்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து எல்லா வீடியோக்களையும் திரும்பப் பார்த்தார்கள். அணி நன்றாகப் பின்தங்கிய பிறகுதான் ஒவ்வொரு முறையும் தேவிப்ரியாவை இறக்கியிருந்தார் அண்ணன். அதே அளவு பின்தங்கி, அவள் இறங்காத ஆட்டங்களையும் பிரபா தனியே பிரித்தாள். அவற்றில் ஒன்றில்கூட அணி மீளவில்லை. அவள் இறங்கியவற்றில் இரண்டை ஜெயித்திருந்தது, மற்றவற்றிலும் இடைவெளி குறைந்திருந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனாள். நானும் வேடிக்கை பார்க்கக் கூடவே போனேன். கண்ணால் பார்த்தது பொய்யாகுமா அம்மிணி என்று அண்ணன் ஆரம்பித்தார். பிரபா லேப்டாப்பைத் திறக்கவில்லை. மூலையில் கிடந்த ஜாக்கியைக் காட்டினாள்.

"ஏனுங்ணா, நீங்க வண்டி ஓட்டுனப்ப, ரோட்டுல ஜாக்கி எடுத்த அன்னைக்கெல்லாம் லோடு லேட்டாத்தான போச்சு?"

"ஆமா. டயரு வெடிச்சாத்தான ஜாக்கிய எடுக்கறோம்."

"அப்ப ஜாக்கிக்கு ராசியில்லைங்ளா?"

அண்ணன் சிரிக்க வாயைத் திறந்தார், பாதியில் நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கணக்கைக் காட்டினாள். ஆட்டங்கள் குறைவு, இதை வைத்து தேவிப்ரியா கெட்டிக்காரி என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் அவளே சொன்னாள். தெரிந்துகொள்ள ஒரே வழி, முதலிலிருந்தே இறக்கிப் பார்ப்பது. அதுவும் ஒரு ஆட்டத்தோடு தீர்ப்பு எழுதக்கூடாது.

"ஒரு நாள் முட்டைய வெச்சுப் பண்ணைய எடை போட முடியாதுங்ணா" என்றாள்.

அண்ணன் தாடியைச் சொறிந்துகொண்டே சரி என்றார். எலுமிச்சம்பழம் மட்டும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பனமரத்துப்பட்டியில் முதல் லீக் ஆட்டம். தேவிப்ரியா தொடக்கத்திலிருந்தே ஆடினாள், நன்றாகவும் ஆடினாள். ஆனால் கடைசி ரெய்டில் அவளே மாட்டிக்கொண்டாள். ஒரு புள்ளியில் தோற்றோம். அண்ணனோடு வாதாடத்தான் போலும், பிரபா செல்போனில் அந்தக் கணக்கைத் தேட ஆரம்பித்தாள்.

அதற்குள் அந்தப் பெண் முழங்கால் பட்டையை அவிழ்த்துப் பைக்குள் போட்டுவிட்டு அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"நான் ஊட்டுக்குப் போறனுங்க."

அண்ணன் அடுத்த ஆட்டத்துக்கான பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"ஒரு டயரு வெடிச்சுதுன்னு வண்டிய வித்துருவாங்களா சாமி? போய்ப் பட்டையக் கட்டு. அடுத்த ஆட்டத்துலயும் மொத ரெய்டு நீதான்."

பிரபா செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சமாளித்தேன்.

அந்த அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தீர்களா என்று கேட்பவர்களுக்குப் பிரபா இன்றுவரை பதில் சொல்வதில்லை. ஒரே ஒரு ஆட்டத்தைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கடுகடுப்பாள். வேண்டுமானால் குழந்தைவேல் யூடியூபில் ஏற்றியிருக்கிறான், அன்று தொடங்கி இந்த வருடம் முழுவதையும் பாருங்கள். எல்லா ஆட்டத்திலும் முதலில் எலுமிச்சம்பழத்தை மிதித்து, முதலில் ரெய்டு போகிறவள் தேவிப்ரியாதான்.