பெட்டியைப் பார்த்து வழி சொன்னவள்

எங்கள் டாக்சி ஸ்டாண்டில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பெட்டியக்கா. விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகவல் மேசை உண்டு. அங்கேதான் அவளுக்கு உத்தியோகம். ஊருக்குள் எப்படிப் போவது என்று யாராவது வந்து கேட்டால் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டாள். மேசைக்கு மேலாக எட்டிப் பெட்டியைப் பார்ப்பாள். இரண்டு பெரிய பெட்டி என்றால் டாக்சி. சக்கரம் வைத்தது ஒன்று என்றால் ரயில், அங்கே லிஃப்ட் இருக்கிறது. தோளில் வெறும் பை என்றால் நீல பஸ். "வெளிய போய் இடது பக்கம். ஊரையே சுத்திக் காட்டிக் கொண்டு போய் விட்டுரும்" என்பாள். அதற்குள் கண் அடுத்த பெட்டிக்குப் போயிருக்கும்.

பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எங்கள் வயிற்றெரிச்சலே அதுதான். இரண்டு பெரிய பெட்டியோடு இப்போது எவன் வருகிறான்? போதாக்குறைக்கு அந்த நீல பஸ்ஸை ஓட்டுவது அவள் புருஷன். "புருஷன் பஸ் ஓட்டறான், பொண்டாட்டி ஆள் ஏத்தறா, நாம ஈ ஓட்டறோம்" என்று ஸ்டாண்டில் முதலில் சொன்னவன் நான்தான். அது அவள் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன் தம்பி, பஸ் ரொம்புனா அவருக்கு என்ன, மகுடமா வைக்கறாங்க? நின்னுக்கிட்டு வர்றவன்லாம் அவரைத்தான் திட்டறான். ராத்திரி வந்து அதையெல்லாம் எங்கிட்ட கொட்டறாரு."

அந்த மனுஷனோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டுக்குக்கூடப் போயிருக்கிறேன். ஓடுபாதைக்குப் பின்னால், மூன்றாவது மாடி. விமானம் இறங்கினால் அலமாரியில் தம்ளர்கள் நடுங்கும். இரண்டு பேரும் பேச்சைப் பாதியில் நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். வீட்டில் பெட்டி என்று ஒன்று கிடையாது. "எங்க போறோம், பெட்டி வாங்க?" என்றாள்.

ஒரு நாள் பிற்பகல் ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் வந்திறங்கி, மேசைக்கு முன் கூட்டம் நெரிந்தது. வரிசையில் ஒரு இளம்பெண். தோளில் சின்னத் துணிப்பை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். அங்கே வைத்தியத்துக்கும் வேலைக்கும் தினமும் எத்தனையோ பேர் போகிறார்கள். அக்கா பையைப் பார்த்தாள். "நீல பஸ்மா. வாசல்லயே நிக்கும்." பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். வாசலில் நின்று "டாக்சி" என்று நான் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.

கையில் வந்த சவாரி போன கடுப்பு எனக்கு. பஸ் கிளம்பி, கூட்டமும் ஒருவழியாகக் கலைந்த பிறகு மேசைக்குப் போய், "நல்லா இருக்குக்கா! பாத்ரூம் செருப்போட பிளேன்ல வந்த மகராசியையும் பஸ்ல ஏத்தியாச்சு" என்றேன்.

"என்ன செருப்பு?"

"ரப்பர் செருப்புக்கா. வீட்ல போடறது."

அவள் முகம் மாறிவிட்டது. "பெட்டி கட்டக்கூட நேரமில்லாம ஓடியாந்திருக்குடா" என்றாள். "நான் பாட்டுக்கு ஊர் சுத்தற பஸ்ல ஏத்திட்டேனே!" மேசையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே நடந்தாள். "வண்டிய எடு."

நீல பஸ் சந்தையைச் சுற்றிக்கொண்டு, எல்லா நிறுத்தத்திலும் நின்றுதான் போகும். சந்தை முனையில் அதை முந்தினேன். அக்கா இறங்கி நடுரோட்டில் கையை விரித்து நின்றாள். பஸ் கிறீச்சென்று நின்றது. புருஷன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பைத்தியமாடி உனக்கு? ஏத்தியிருப்பேன்!"

"அப்புறம் திட்டுங்க. கதவைத் திறங்க."

பெண்ணை இறக்கி என் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை நான்.

"யாரும்மா ஆஸ்பத்திரில?"

"அப்பா. காலைல போன் வந்துச்சு, உடனே வாங்கன்னு."

"அத எங்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?"

"நீங்க கேக்கலியே" என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. "வாசல்லயே நிக்கும்னீங்க. எனக்கு ஊர் தெரியாது. ஏறிட்டேன்."

அக்கா குனிந்து அவள் செருப்பைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் போனோம். அறை வாசலில் ஒரு நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். அவள் அப்பாவின் பெயரைச் சொன்னதும் நர்ஸ் அவள் தோளில் கை வைத்தார்.

"இப்பத்தாம்மா" என்றார்.

பெண் செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே போனாள். ஒன்று கதவோரம் கிடந்தது, ஒன்று நடைபாதையில் கவிழ்ந்து கிடந்தது. அக்கா குனிந்து இரண்டையும் எடுத்து ஒன்றாக வைத்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

திரும்பி வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பவே உன் வண்டில அனுப்பியிருந்தா, தம்பி?"

பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. "உயிரோட பாத்திருக்கும்க்கா" என்றேன். இவளிடம் போய் இத்தனை நாள் வம்பு வளர்த்தோமே என்று எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மேசையை விட்டுப் போனதற்கு மேலதிகாரி கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டாள். எங்களில் ஒருவனும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

இப்போதும் அதே மேசைதான். ஆனால் யார் வந்தாலும் முதலில் முகத்தைப் பார்த்து, "அவசரமா?" என்று கேட்கிறாள். தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். அவள் சிரிப்பதில்லை, பதிலுக்குக் காத்திருக்கிறாள். "இல்லம்மா, சும்மா ஊர் பாக்கத்தான் வந்தோம்" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். அப்புறம்தான் பெட்டியைப் பார்ப்பாள்.