நண்பன் படத்துக்கு வந்த நல்ல விமர்சனங்கள்

நண்பன் எடுத்த படம் குப்பை என்று ஒரே ஒருவராவது எழுதமாட்டாரா என்று, படம் வெளியான வெள்ளிக்கிழமை முழுக்கக் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. சின்ன படம், பெரிய மனசு என்றார் ஒருவர். விடலைப் பருவத்தை இவ்வளவு சிரிப்போடு சொன்ன படம் சமீபத்தில் வந்ததே இல்லை என்றார் இன்னொருவர். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்?

அவனும் நானும் உத்தமபாளையத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிளஸ் டூ படித்தவர்கள். இருவருக்குமே சினிமாப் பைத்தியம். அவன் சென்னைக்குப் போனான். நான் ஓடைப்பட்டியில் அப்பாவின் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பள்ளிக்கூட நாட்களைத் திரைக்கதையாக எழுதிக்கொண்டிருந்தேன். கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை முடிந்தால் எழுதுவேன், மருந்து அடிக்கும் நாட்களில் மூடிவைப்பேன். அடுத்த அறுவடைக்குள் முடித்து யாரிடமாவது கொடுத்துவிடுவது என்றிருந்தேன். அதற்குள் அவன் அதே பள்ளிக்கூடம், அதே டவுன் பஸ், அதே டியூசன் எல்லாவற்றையும் படமாக்கிவிட்டான். இனி என் கதையை யாரிடம் கொண்டுபோனாலும், இதுதான் ஏற்கெனவே வந்துவிட்டதே என்பார்கள்.

அவர்கள் புகழ்ந்த விதம் இன்னும் எரிச்சல். செயற்கை வெளிச்சமே இல்லாத துணிச்சலான ஒளிப்பதிவாம். லைட் வாடகைக்கு வழியில்லாமல், கோம்பையில் வெயில் சாய்வதற்குள் அடித்துப்பிடித்து எடுத்தது ஊருக்கே தெரியும். கல்யாணக் காட்சியில் கூட்டம் அவ்வளவு அசலாக இருக்கிறதாம். அசல் கல்யாணம்தானே! அனுமந்தன்பட்டியில் யார் வீட்டு விசேஷத்திலோ கேமராவோடு புகுந்து, பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் மெச்சியது கதாநாயகனின் கூட்டாளியைத்தான். நெட்டையான பையன். டிரெய்லரிலேயே வருகிறான். தலையைத் தாழ்த்திக் குனிந்தபடியே நடக்கிறான்; ரோட்டில், மைதானத்தில், தலைக்கு மேல் ஒன்றுமே இல்லாத இடத்திலும். எதிர்காலத்தின் முன் கூனிப்போன ஒரு தலைமுறையின் குறியீடு அது என்று சென்னையிலிருந்து ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். கடைசியில் ஓர் ஓட்டை அகப்பட்டதே என்று துள்ளினேன். நான் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவன், இங்கே ஒருவரும் அப்படி நடப்பதில்லை, சுத்தமான இட்டுக்கட்டல் என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே என் பெயரோடு பதிந்தேன். படத்தை இன்னும் பார்த்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு மனைவி என்னைக் கம்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சிரிக்கவே கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். தியேட்டரே அதிர்ந்தது. மனைவி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். என் திரைக்கதையை நான் வாசித்துக் காட்டியபோது அவள் ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

இடைவேளையில் முறுக்கு வாங்க எழுந்து நடந்தேன். பின்வரிசையில் கல்லூரிப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அடி ஆத்தா, அங்கன பாரு! படத்துல வர்றவன் மாதிரியே நடந்து போறாக!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தாள்.

"யாரைச் சொல்றாக?" என்றேன்.

"ஒங்களைத்தான். நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதா? பந்தலுக்குள்ள கம்பி இடிக்கும்னு குனியிறீக, சரி. ரோட்டுலயும் அப்பிடியேதான நடக்குறீக? நம்ம கல்யாண வீடியோவுலயே குனிஞ்சுக்கிட்டுத்தான் மணவறைக்கு வந்தீக."

எங்கள் திராட்சைப் பந்தல் ஆள் உயரம். நான் அதைவிடக் கொஞ்சம் உயரம். நெட்டையாக வளர்ந்ததே அதன் அடியில்தான். கழுத்துக்கு அதுவே பழகிப்போயிருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

தியேட்டர் வாசலில் நின்று அவனுக்கு போன் அடித்தேன். திட்டுவதற்குத்தான்.

"என்னைய எதுக்குடா கோமாளி ஆக்குன?"

"கோமாளியா? மாப்ள, படத்துல எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடுறது ஒன்னையத்தாண்டா! ஒன் கமெண்டையும் படிச்சேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு."

அவன் குரலில் கேலி இருந்தது, வன்மம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒன் கதையை எப்ப முடிக்கப்போற, படமெடுக்க நானே ஆள் பாத்துத் தர்றேன் என்றான். பிறகு, "ஆமா, அதுல நானும் வர்றேன்ல? நான் எப்பிடி நடக்குறேன்?" என்று கேட்டான்.

வருகிறான். நான் பேசுவதற்கெல்லாம் தலையாட்ட வருகிறான். ஆனால் எப்படி நடப்பான்? தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பக்கத்திலேயே நடந்து வந்தவன். போனைக் காதில் வைத்துக்கொண்டு யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.