ஹீட்டருக்குள் இருந்த இளநீர்

காலையில் ஹீட்டரில் சுடுதண்ணீர் வரவில்லை. திருக்கோவிலூரிலிருந்து மெக்கானிக் வந்தார்.

அவர் கழற்றி எடுத்த காயில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், உடம்பெல்லாம் விபூதி பூசிய சாமியார் போல இருந்தது. தட்டினார். கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"இன்னாங்க இது?" என்றேன்.

"உங்க போர் தண்ணியில இருக்கிற உப்புதாங்க. ரொம்ப ஜாஸ்தி. குடிக்கிறதும் இதே தண்ணிதானா?"

"ஆமாங்க."

என் கணவரைப் பார்த்தேன். "நம்ப தண்ணி எளநி மாதிரி" என்று பத்து வருடமாக ஊரெல்லாம் பெருமையடித்து, வீட்டில் ஃபில்டர் வாங்க விடாதவர். அவர் கை மெதுவாக இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

காயிலை மாற்றியாயிற்று.

மாலையில் பால் வாங்கப் போனவர், நான் சொல்லாமலே நான்கு வாழைத்தண்டோடு வந்திருக்கிறார். பால் வாங்கவில்லை.

உங்கள் வீட்டு இளநீர் எப்படி?