அக்கா டீசல் ஃபில்டர் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்த உறவினருக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

படப்பைக்கு அருகில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அப்பா காலமானபோது நான் பள்ளி மாணவன். அதன்பின் வீட்டை நடத்தியவர் அக்காதான். திருமணம் வேண்டாம் என்றார், காரணம் சொன்னதில்லை.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, டயாலிசிஸுக்கு அழைத்துப் போகப் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினார். ஒரு சனிக்கிழமை அந்தக் கார் குன்றத்தூர் சாலையில் நான்கு முறை நின்றுபோனது. ஃபில்டர் அடைத்திருக்கும், செவ்வாய்க்கிழமைதான் பார்க்க முடியும் என்றார் மெக்கானிக். திங்கள் காலை அம்மாவுக்கு டயாலிசிஸ்.

"வாடகைக் கார் வச்சுக்கலாமேக்கா" என்றேன்.

"போன தபா அம்மா வண்டில வாந்தி எடுத்ததுக்கு அந்த டிரைவர் இன்னா பேச்சு பேசினான் தெரியுமா? வூட்டுக்கு வந்து அம்மா அழுதுச்சு" என்றார்.

மறுநாள் புது ஃபில்டர் வாங்கி வந்து, வாசலில் காரின் அடியில் தட்டு வைத்து, பழையதைக் கழற்றினார். கறுத்த டீசல் வடிந்தது. புதியதை மாட்டினார். என்ஜின் ஓடி, உடனே நின்றது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. திரும்பக் கழற்றி, ஃபில்டர் உட்காரும் இடத்தை விரலால் தடவினார். "பழைய ரப்பர் வளையம் மேலயே ஒட்டிக்கினு கீது. அதான் காத்து இழுக்குது. அந்தத் துணிய எடு."

வளையத்தை உரித்தெடுத்து, துடைத்து, மீண்டும் மாட்டினார். கைப்பம்பை அழுத்தி உள்ளிருந்த காற்றை வெளியேற்றினார். இம்முறை என்ஜின் நிற்கவில்லை. கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஆச்சா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"ஆச்சும்மா. நாளைக்கு நம்ம கார்லயே போலாம்."

அம்மா தம் கடைசி நாள்வரை அந்தக் காரில்தான் போய்வந்தார். அவருக்குப் பின், எங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவரை அக்கா அழைத்துப் போனார். அதற்காகவே ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்காவின் நுரையீரல் நோய் தாமதமாகத்தான் தெரியவந்தது. மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். உடன் வேலை செய்த பெண்கள் ஷிப்ட் முடிந்ததும் சீருடையோடு வந்து முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும், செவிலியருக்கும், இறுதிச் சடங்கில் உடனிருந்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தப் பெரியவரை இப்போது நான் அழைத்துப் போகிறேன். திங்கள் காலை எனக்கு வேலையில்லாதபடி மாற்றிக்கொண்டுவிட்டேன். காரில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். தேவைப்படுவோர் தயங்காமல் சொல்லுங்கள்.