படகுக்காரியின் பெயர்

போடியில் இந்த மந்திரவாதிக் கார்டு விளையாட்டை என்னோடு விளையாட ஒரு ஆள்கூடக் கிடையாது. ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற, நாற்பதை நெருங்கும் பெண்ணோடு மந்திரவாதிச் சண்டை போட யார் வருவார்கள்? எனக்கும் விளையாட்டு முக்கியமில்லை. புதிதாக வெளிவரும் ஒவ்வொரு கார்டு செட்டும் ஒரு நெடுங்கதையின் அடுத்த அத்தியாயம். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கும். கார்டு கார்டாகச் சேர்த்து, அந்த வரிகளை ஒட்டவைத்துத்தான் கதையைப் பிடிக்கவேண்டும். கூரியரில் புதுச் செட்டு வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அந்தக் கதையைக் கேட்க ஒருவன் இருந்தான். என் அண்ணன். மலைமேல் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், பறித்த ஏலக்காயைச் சூடு வைத்து உலர்த்தும் ஸ்டோரில் அவனுக்கு வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இறங்கி வந்து, தட்டில் கை வைப்பதற்கு முன்பே கேட்பான். "ஏத்தா, அந்தப் படகுக்காரிக்குப் பேரு ஞாபகம் வந்துச்சா?"

கார்டுக் கதையில் செத்தவர்களை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுகிறவள் அவள். ஒவ்வொரு தடவை துடுப்புப் போடும்போதும் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்று அவளுக்கு மறந்துபோகும். கடைசியில் பெயரும் போனது. நான்கு செட்டாக அவளுக்குப் பெயர் இல்லை. "பாவம், யாராச்சும் கூப்பிட்டாத்தானே தெரியும்" என்பான் அண்ணன்.

போன ஆடியில், "ஒரு வாரம் குடுத்துவிடு, படத்தையாச்சும் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று கார்டுகளை உறை போட்டு அடுக்கியிருந்த ஆல்பத்தைக் கேட்டான். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் கொடுத்தேன்.

மலையில் விடாத சாரல். ஈரம் ஏறி, கார்டுகள் வளைந்துவிட்டன. அவன் பயந்துபோனான். ஈரத்துக்கு அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எல்லாவற்றையும் உறையிலிருந்து எடுத்து, ஸ்டோர்த் தட்டுகளில் காய்க்குப் பக்கத்தில் பரப்பி, சூடு வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு கார்டுகளை ஒரு பையில் போட்டு நீட்டினான். "பச்சை போகக்கூடாதுன்னு சூட்டைக் கொறச்சுத்தான் வச்சேன் ஆத்தா." காய் நிறம் மாறாமல் எடுப்பதில் எஸ்டேட்டில் அவனுக்கு நல்ல பெயர். கார்டுகளிலும் நிறம் போகவில்லை. ஆனால் பளபளப்புத் தாள் உரிந்து, ஒவ்வொன்றும் சுருண்டு கிடந்தது. பையைத் திறந்ததும் வீடெல்லாம் ஏலக்காய் வாசம்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தால் வாய் நிற்காது. "காயும் கார்டும் ஒண்ணா உனக்கு? இதெல்லாம் வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. உன்கிட்டக் குடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

அண்ணன் முகம் செத்துப்போனது. "தப்புதான் ஆத்தா" என்றான். மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிடாமலேயே ஜீப் ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகும் வந்தான். இங்கே மழை உண்டா என்று கேட்டான், என் முதுகுவலி பற்றிக் கேட்டான். படகுக்காரியைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கதையை அவனே கேட்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வீம்பாக இருந்தேன். என் வீம்பில் இடி விழ.

போன மாதம் புதுச் செட்டு வந்தது. ஏழாவது கார்டில் அவள் பெயர் இருந்தது. படகில் ஏறிய ஒரு கிழவன், அவளை முன்பே தெரிந்தவன், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, படகுக்காரிக்குப் பேரு தெரிஞ்சிருச்சு. நீ சொன்ன மாதிரியே ஒருத்தன் கூப்பிட்டுட்டான்."

அந்தப் பக்கம் ஸ்டோர் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது.

"சரித்தா" என்றான். கோபமே இல்லாத குரல். "அதெல்லாம் வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. லோடு எடுக்க ஜீப்பு வந்து நிக்குது, சோலி கெடக்கு. வச்சிர்றேன்."

வைத்துவிட்டான். அவள் பெயர் என்னவென்று கேட்கவே இல்லை.