பளிங்கு அம்மனுக்கு வைத்த மல்லிகை

"...பூவில பூச்சி வரும் தம்பி, பூச்சி வந்தா சிலைங்களுக்கு ஆபத்து. இது கோயில் இல்ல, மியூசே!" என்றார் காவல் பணியிலிருந்த அக்கா. புதுச்சேரிக்காரர், தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். கையில் புகார் எழுதும் குறிப்பேடு.

அந்தப் பிரெஞ்சு அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலைக்கு நான் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வேலைக் கடிதத்தைக் காட்டித்தான் யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுச் சாமிப் படத்துக்காக லா ஷப்பல் தெருவில், நம்மாக்கள் கடையில் வாங்கிய மல்லிகைச் சரம் பையில் இருந்தது. கிரேக்க மண்டபத்தில், கையிரண்டும் போய் நின்ற பளிங்குத் தெய்வத்தைத் துடைப்பமும் கையுமாகப் பார்த்தேன். சரத்தில் ஒரு துண்டைக் கிள்ளிப் பாதத்தில் வைத்துவிட்டேன்.

"எத்தினை காலமா ஒரு பூவுமில்லாமல் நிக்கிறா, அக்கா. மனசு கேக்கேல்லை. எழுதிப்போடாதேங்கோ."

அக்கா சிலையை நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் காலத்துல இவளுக்கும் யாராவது வச்சிருப்பாங்க, இல்ல?"

இன்று மனைவி என்னோடு இருக்கிறாள். விசா கிடைத்த கதையை யார் கேட்டாலும், நான் அந்த அக்காவிலிருந்துதான் தொடங்குவேன்.

அன்று அவர் எதுவும் எழுதாமலே குறிப்பேட்டை மூடினார். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி, தன் கொண்டையில் செருகிக்கொண்டு நடந்தார்.